கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள்: மிக ஏழைக் குடும்பம் சொந்தக் காலில் நிற்க உதவுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாலு ஆடு வாங்கிக் கொடுத்து ரெண்டு மாதம் கழித்து அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். கொட்டிலில் ஒரே ஒரு ஆடுதான் நின்றது. மகனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்ததில் ஒன்று போயிருந்தது. குழு லோன் தவணைக்கு இன்னொன்று. மூன்றாவதை, வீட்டில் அரிசி இல்லாத ஒரு வாரத்தில் விற்றிருந்தார். கோபப்படப் போனவன் வாயடைத்து நின்றேன். "ஆட்டு வயித்துக்குத் தழை இருந்துச்சு தம்பி. எங்க வயித்துக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றார்.

தப்பு எங்களுடையது. சோறு, கடன், நோய் மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு ஆட்டை மட்டும் கொடுத்திருந்தோம். கானா நாட்டில் இதையே ஆராய்ச்சியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும், சில குடும்பங்களுக்கு ஆட்டோடு சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் வந்து பார்க்கும் ஆள் என்று எல்லாம் சேர்த்து. ஆடு மட்டும் வாங்கிய குடும்பங்களுக்கு நிலைத்த பலன் எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்து கிடைத்த குடும்பங்களுக்கு இருந்தது.

எல்லாம் சேர்ந்த அந்த முறை பிறந்தது வங்கதேசத்தில். 1972-இல் பசல் ஹசன் அபேத் தொடங்கிய பிராக் நிறுவனம், தங்கள் சிறுகடன் திட்டம் ஊரின் கடைசி வீடுகளை எட்டவில்லை என்று உணர்ந்து 2002-இல் இதை ஆரம்பித்தது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்த முடிவுகள் 2015-இல் வெளியாயின. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் பலன் நின்றிருந்தது. மேற்கு வங்கத்தில் அதே குடும்பங்களைப் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அவர்கள் முன்னேறியே இருந்தார்கள்.

பெரிய அரசுத் திட்டம் நடத்துபவர்களை மனதில் வைத்து இதை எழுதவில்லை. ஊரில் பத்துக் குடும்பத்தையாவது தூக்கிவிட வேண்டும் என்று நினைக்கும் மகளிர் குழு, படித்த இளைஞர்கள், வெளியூரில் இருந்து பணம் அனுப்ப நினைப்பவர்கள், களப்பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், உங்களுக்காக எழுதுகிறேன். என் அனுபவம் தெற்கே மானாவாரிப் பூமியில். உங்கள் பக்கம் தொழில் வேறாக இருக்கலாம், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு வருடம் வாராவாரம் போய்வர ஒரு ஆள் உறுதியாகக் கிடைத்த பிறகே ஆரம்பியுங்கள். முழுநேர ஆள் ஒருவரால் முப்பது வீட்டுக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. பகுதிநேரம் என்றால் பத்து.

முதல் படி: கடைசி வீடு எது?

ஊராட்சியில் இருக்கும் ஏழைகள் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பட்டியலில் பெயர் ஏற முகவரி வேண்டும், ஆதார் வேண்டும், கணக்கெடுக்க வருகிற அன்று வீட்டில் இருக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் குடும்பத்தோடு போனவர்கள் அன்றைக்கு ஊரிலேயே இருக்க மாட்டார்கள்.

ஊர் மக்களே கூடி உட்கார்ந்து ஏழைகளை அடையாளம் காட்டும் 'மக்கள் நிலை ஆய்வு' தமிழ்நாட்டு ஊர்களுக்குப் புதிதில்லை. வறுமை ஒழிப்புக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய புதுவாழ்வுத் திட்டக் காலத்திலிருந்து பழக்கம். அதே முறைதான். ஒரு மாலையில் தெருவில் எல்லாரும் உட்கார்ந்து, கோலப்பொடியால் தரையில் ஊர்ப்படம் வரையச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. குளம், கோயில், ரேஷன் கடை எல்லாம் வந்துவிட்ட பிறகு, வரையாமல் விட்ட வீடு எது என்று கேளுங்கள். கண்மாய்க்கரையில் தார்ப்பாய் போட்டிருக்கும் குடும்பமும், புறம்போக்கில் ஒதுங்கிய விதவையும் அப்போதுதான் படத்துக்குள் வருவார்கள். ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரே கூட்டம் போட்டால், பேசுபவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாகப் போடுங்கள். பழங்குடிக் குடியிருப்பு இருந்தால் அவர்கள் இடத்துக்கே போங்கள்.

பிறகு மூன்று கேள்வி. யார் வீட்டு அடுப்பு தினமும் எரிவதில்லை? மொய் எழுத வழியில்லாமல் விசேஷத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டது யார்? நூறு ரூபாய் கைமாத்துக்கூட யாருக்குக் கிடைக்காது? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அதுதான் நீங்கள் தேடும் வீடு. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 3 டாலர் என்று மாற்றியது. நாடுகளை ஒப்பிட அது உதவும். திண்ணையில் உட்கார்ந்து கேட்க மொய்க் கேள்விதான் உதவும்.

பெயர் வந்த வீடுகளுக்கு நேரில் போய்ப் பாருங்கள். "சிரமமா இருக்கா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, அதுக்கு முந்தின நாள்?" என்று கேளுங்கள். குடம், பாய், போர்வை எத்தனை, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கண்ணால் கணக்குப் பாருங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் அம்மா சாப்பிடுகிறாள் என்றால் வேறு அளவுகோல் வேண்டாம்.

இரண்டாம் படி: முதல் இரண்டு மாதம் சோறும் காகிதமும்

இந்த இரண்டு மாதத்தில் ஆட்டைப் பற்றி, கடையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வீட்டில் உலை கொதிக்கட்டும், அது முதல் வேலை.

வாரம் ஒரு சிறு தொகையை அந்த வீட்டுப் பெண் கையில் கொடுங்கள். பருப்பு, எண்ணெய், காய், முட்டைக்குப் போதுமான அளவு. மொத்தமாகக் கொடுத்தால் கடன்காரர் வந்துவிடுவார், வாரம் வாரம் கொடுத்தால் அடுப்புக்குப் போகும். தொழிலில் முதல் காசு வருகிற வரை, அதாவது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இது தொடர வேண்டும். பணத்துக்கு ஏற்பாடு செய்யும்போதே இதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இந்தத் தொகையை வீண் செலவு என்று நினைக்கும் நன்கொடையாளர்கள் உண்டு. நான் முதலில் சொன்ன அக்காவின் மூன்றாவது ஆட்டை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கூடவே காகிதம். ஆதார் இல்லாமல் ரேஷன் கார்டு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் பென்ஷன் இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. ஒன்று இல்லாததால் எல்லாமே இல்லை. எந்தக் காகிதம் எதற்குப் பூட்டு என்று ஒரு நோட்டில் வரைந்து, அடியில் இருப்பதை முதலில் வாங்குங்கள். நீங்கள் மட்டும் போய் வாங்கி வராதீர்கள். இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அவரையும் கூட்டிப் போங்கள், பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுத்து. அடுத்த முறை தனியாகப் போக அந்தப் பழக்கம்தான் துணை.

என்னென்ன கிடைக்கும் என்பதையும் பாருங்கள். மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டில் மாதம் 35 கிலோ அரிசி. சாதாரணக் கார்டு வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்கள் இதற்குத் தகுதியானவை. முதியோர், விதவை உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். இரண்டும் ஒருவருக்கே கிடைக்காமல் போகலாம், ஆனால் ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இருப்பார்கள். வங்கிக் கணக்கு திறந்ததும், வருடத்துக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமாவில் கையெழுத்துப் போட வையுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டில் வெகுநாளாய் இருமல், ரத்தசோகை, உடைந்து சரியாகச் சேராத கால் ஏதாவது இருக்கும். தொழிலுக்கு முன்னால் அதற்கு வைத்தியம் பாருங்கள். எட்டு கிராம் ஹீமோகுளோபினோடு ஒரு பெண் தழை வெட்டிச் சுமந்து வர முடியாது.

மூன்றாம் படி: கடனைத் தரையில் பரப்புங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் அவசரமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான்.

முதல் தடவை கேட்டால் பாதிக் கடன்தான் சொல்வார்கள். வெட்கம். நாலாவது, அஞ்சாவது தடவை போகும்போது மீதி வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கூழாங்கல் வையுங்கள். ஒரு கல் ஆயிரம் ரூபாய். மளிகைக் கடைக்கு இந்தக் குவியல், குழு லோனுக்கு இது, வட்டிக்காரருக்கு இது, அடகுக் கடைக்கு இது. அதன் பக்கத்தில் மாதம் கட்டும் வட்டியை வேறு கல்லால் வையுங்கள். ஒரு வீட்டில், கட்டிய வட்டிக் கற்கள் அசலைவிடப் பெரிய குவியலாக வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவா குடுத்தேன்?" என்றார்.

எல்லாக் கடனையும் நீங்கள் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அடுத்த மாதம் அதே ஆளிடம் புதுக்கடன் சுலபமாகக் கிடைக்கும். எதை முதலில் தொடுவது என்பதற்கு என் வரிசை இது. அடகில் இருக்கும் ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், ஏடிஎம் கார்டு முதலில். உரியவர் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் அவை. அடுத்து நாள் வட்டி, மீட்டர் வட்டி. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003 முதல் இருக்கிறது, வட்டிக்காரரிடம் பேச ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போகும்போது அது நினைவில் இருக்கட்டும். மளிகைக் கடைப் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும், அந்தக் கடைக்காரர் நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் வேண்டியவர்.

முன்பணம் தனிக் கதை. சூளையில், அரிசி ஆலையில், கரிமூட்டத்தில் முன்பணம் வாங்கிவிட்டு, அது தீரும்வரை வேறு இடத்துக்குப் போகக் கூடாது, கூலி இவ்வளவுதான் என்று கட்டிப்போட்டிருந்தால் அதன் பெயர் கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. நல்ல மனதோடு யாரும் அந்த முன்பணத்தைக் கட்டி மீட்கப் போகாதீர்கள். செல்லாத கடனுக்குக் காசு கொடுத்ததாக ஆகும், குடும்பத்துக்குச் சேர வேண்டிய உரிமையும் போகும். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் மனுக் கொடுங்கள். விசாரணைக்குப் பின் விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும். மறுவாழ்வு உதவிக்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம், நகல் மூன்று எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள்.

கடன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டம் சாட்சி. ஆடுமாட்டோடு எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் அதே முறையை அங்கேயும் செய்தார்கள், கடைசியில் மற்ற குடும்பங்களைவிட இவர்கள் முன்னேறியிருக்கவில்லை. பலர் கால்நடையை விற்றுவிட்டார்கள், அந்தப் பணத்தில் ஒரு பங்கு கடனுக்குப் போனது. அதே சமயம் சுற்றுவட்டாரத்தில் கூலி வேலை பெருகியிருந்தது. மாடு பார்க்க வீட்டில் இருந்தவருக்குக் கூலி இல்லாமல் போனது, கூலிக்குப் போனவரோடு கடைசியில் கணக்குச் சமமாகிவிட்டது. நூறு நாள் வேலையும் வயல் கூலியும் நன்றாகக் கிடைக்கிற ஊரில், முழுநாளையும் தின்கிற தொழிலைத் தலையில் கட்டாதீர்கள்.

நான்காம் படி: தொழிலை அவர் தேர்ந்தெடுக்கட்டும், கணக்கை நீங்கள் போடுங்கள்

சித்திரையிலிருந்து பங்குனி வரை பன்னிரண்டு மாதத்தையும் தரையில் எழுதி, எந்த மாதம் வேலை, எந்த மாதம் பட்டினி, எந்த மாதம் செலவு என்று கேளுங்கள். எங்கள் பக்கம் ஆடியில் கை வறண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சூளை நின்றுவிடும், அப்போதுதான் அடுத்த வருடத்துக்கு முன்பணம் வாங்குவார்கள். அந்த மாதங்களில் காசு தருகிற தொழில் ஒன்றும், அவசரத்துக்கு விற்கக்கூடிய சொத்து ஒன்றும் என இரண்டு வேண்டும். ஒன்று போதாது.

ஆடு நல்ல தேர்வுதான். ஆனால் அதன் கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. சினை ஐந்து மாதம், குட்டி விற்பனைக்கு வர இன்னும் ஆறேழு மாதம். சினைப்படாத பெட்டையை வாங்கிக் கொடுத்தால் முதல் காசு வர ஒரு வருடம் ஆகிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாங்காதீர்கள். ரெண்டு பெட்டை குட்டியோடு, ஒன்றோ ரெண்டோ இளம்சினையில். அப்படி வாங்கினால் நாலைந்து மாதத்தில் முதல் குட்டி விற்கும். அதுவரை கைச்செலவுக்கு நாட்டுக்கோழி அஞ்சாறு.

வாங்குவதை நீங்கள் மொத்த வியாபாரியிடம் விடாதீர்கள். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் கன்னி ஆடும் கொடி ஆடும் இந்த மண்ணுக்குப் பழகியவை, கன்னி ஆடு ரெண்டு ரெண்டாகக் குட்டி போடும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு அக்காவைக் கூட்டிப் போனபோது நான் கையில் பட்டியலோடு நின்றேன். அவர் நேராகப் போய் ஒரு பெட்டையின் கீழ்த்தாடையைப் பிடித்து உதட்டை விலக்கினார். ரெண்டு பல், அதாவது இளம் ஆடு. பிறகு மடியைத் தொட்டு ரெண்டு காம்பிலும் பால் வருகிறதா என்று பீய்ச்சிப் பார்த்தார், வாலைத் தூக்கிக் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், கயிற்றை விட்டு நாலு அடி நடக்கவிட்டார். "இது வேணாம் தம்பி, பின்னங்கால இழுக்குது." எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை விட்டுவிட்டுத் தானே பார்த்து வாங்கிய வேறொரு ஆட்டுக்கு அவர் வைத்த பேரும் எனக்கு நினைவிருக்கிறது.

மழை மாதங்களில் வாங்காதீர்கள். லாரியில் நனைந்து வந்த ஆடு சளி பிடித்து வாரத்தில் சாகும். வாங்கி வந்ததும் ரெண்டு வாரம் ஊர் ஆட்டோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் மூன்றுக்கும் தேதி வாங்குங்கள். ஆட்டுக்கொல்லிக்கு ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும், துள்ளுமாரிக்கு வருடாவருடம் போட வேண்டும். அவசரத்துக்கு 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்குச் சொல்லிவிடலாம். குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், தொப்புளில் அயோடின் வைக்க வேண்டும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து. முன்னால் சொன்ன ஆறு நாட்டுச் சோதனையில் ஹோண்டுராஸில் பெரும்பாலானோர் கோழியைத்தான் எடுத்தார்கள், நோய் வந்து பெருமளவு செத்துப்போனதால் அங்கே மட்டும் சொத்து மிஞ்சவில்லை.

கொட்டில் பெரிதாக வேண்டாம். தரை நனையாமல் இருந்தால் போதும், பனை வரிச்சலோ சவுக்குக் கம்போ போட்டு ரெண்டு அடி உயர்த்திவிட்டால் புழுக்கை கீழே விழும், அதுவும் எருவாக விற்கும். வேலியோரம் அகத்தியும் சவுண்டலும் நட இடம் இருக்கிறதா என்று ஆடு வாங்கும் முன் பாருங்கள். மேய்ச்சலுக்கு யார் போவது? பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை என்று பதில் வந்தால் அந்த வீட்டுக்கு ஆடு கொடுக்காதீர்கள், வேறு தொழில் பாருங்கள்.

ஆடு வேண்டாதவர்களுக்கு இட்லிக்கடை, காய்கறித் தட்டு, மீன் வியாபாரம், பழைய துணி, கீரை. தையல் மெஷினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எல்லாத் திட்டத்திலும் கொடுக்கிறார்கள். பத்து வீட்டுத் தெருவில் நாலு மெஷின் இருந்தால் ஐந்தாவது மெஷின் மேல் துணிதான் காயும். ஊரில் எத்தனை பேர் தைக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். கடை வைப்பவர்களுக்கு ரெண்டு டப்பா கொடுங்கள், ஒன்று கடையில் போட்ட முதலுக்கு, இன்னொன்று லாபத்துக்கு. முதல் டப்பாவிலிருந்து சரக்கு மட்டும்தான் வாங்கலாம். கடன் சொல்லிக் கேட்பவர்களிடம் "எங்கிட்ட இல்ல, அந்தத் தம்பி கணக்குப் பாக்க வருவாரு" என்று உங்கள் மேல் பழி போடச் சொல்லுங்கள். நன்றாக வேலை செய்கிறது.

கொடுக்கும் அளவு மிகச் சிறியதாக இருக்கக் கூடாது. வங்கதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் விவரத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு எல்லையைக் கண்டார்கள். சொத்து அந்த எல்லைக்கு மேலே போன குடும்பங்கள் வளர்ந்துகொண்டே போயின, எட்டாதவை பழையபடி கீழே சரிந்தன. இருக்கிற பணத்தை இருபது வீட்டுக்கு ஆளுக்கொரு ஆடாகப் பகிர்வதைவிட, ஐந்து வீட்டுக்கு நாலு நாலாகக் கொடுங்கள். மீதிப் பதினைந்து வீட்டுக்கு அடுத்த வருடம். ஊரில் கேட்பார்கள், திட்டுவார்கள். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: வாராவாரம் அதே நாளில்

பத்து நிமிடத்தில் முடிகிற வேலையில்லை இது, முக்கால் மணி நேரமாவது உட்காருங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம். சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி, பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று கேட்டுவிட்டுப் பிறகு ஆடு. ஆட்டை வாயால் விசாரிக்காமல் கொட்டிலுக்குப் போய்ப் பாருங்கள். கண் இமையை விலக்கி வெளுத்திருந்தால் புழு. பிறகு அந்த வாரத்துக் கணக்கு, கடைசியில் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. மூன்று வேலை சொன்னால் எதுவும் நடக்காது.

தன்னால் எதுவும் ஆகாது என்று வருடக்கணக்கில் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். மூன்று மாதம் வரை நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். ஒருநாள் "இல்ல தம்பி, அது சரிப்படாது" என்று மறுத்துப் பேசுவார்கள் பாருங்கள், அந்த வாரத் தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

புருஷன் குடிக்கிற வீடுகளைத் தள்ளிவிடாதீர்கள். சொத்து பெண் பெயரில், கணக்கு அவர் பெயரில், ஆனால் புருஷனை முதல் நாளிலிருந்து பேச்சில் சேருங்கள். கொட்டில் கட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள். தான் கட்டிய கொட்டிலில் இருந்து ஆட்டை ஓட்டிப்போய் விற்க ஒரு தயக்கம் வருகிறது, எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. பீகார் அரசு 2018-இல் தொடங்கிய திட்டத்தில், மதுவிலக்கால் சாராயம், கள் பிழைப்பை இழந்த குடும்பங்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள், குறை சொல்லி ஒதுக்கவில்லை.

ஆறாம் படி: சேமிப்பும் குழுவும்

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று ஊரெங்கும் இருக்கிறது. ஆனால் கடைசி வீட்டுப் பெண் பெரும்பாலும் அதில் இல்லை. வாரச் சந்தா கட்ட முடியாதவரை யாரும் சேர்ப்பதில்லை, அவர் தவணை தவறினால் குழுவுக்கே லோன் வராது என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எனவே முதல் ஆறு மாதம் வீட்டு உண்டியலில் பத்தோ இருபதோ, சாவி உங்களிடம், கணக்கு ஒரு நோட்டில். ஆறு மாதம் விடாமல் போட்ட கணக்கைக் கொண்டுபோய்க் குழுத் தலைவியிடம் காட்டுங்கள். நான் பார்த்தவரை அந்த நோட்டைவிடப் பெரிய சிபாரிசு இல்லை. குழுவில் சேர்ந்தாலும் முதல் வருடம் லோன் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், வீட்டு வாசலுக்கே வந்து லோன் கொடுப்பவர்களுக்கும் இதே பதில்.

ஏழாம் படி: சறுக்கும் நாளுக்கு முன்னேற்பாடு

ஆடு சாகும். அதைச் சொல்லாமல் ஆடு கொடுக்காதீர்கள். காதில் வில்லை போட்டுக் காப்பீடு செய்திருந்தால், செத்த உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, வில்லையோடு போட்டோ எடுத்து, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும். துக்கத்தில் புதைத்துவிட்டு வந்து கேட்டால் காசு வராது. இதை ஒரு தாளில் படமாக வரைந்து கொட்டில் தூணில் ஒட்டுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று உங்கள் கையில் ஒரு சிறு அவசர நிதி இருக்கட்டும். பத்துக் குடும்பத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று வீடுகளுக்கு அது வேண்டியிருக்கும். கடனாகக் கொடுங்கள், வட்டியில்லாமல், குட்டி விற்றதும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. அன்றைக்கு அந்த இரண்டாயிரம் இல்லையென்றால் இருபதாயிரத்துக்குக் கொடுத்த சொத்து சந்தைக்குப் போய்விடும்.

எட்டாம் படி: எப்போது கையை எடுப்பது

கேரளம் 2021-இல் தொடங்கிய கடும் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்று நாலு கோணத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் எழுதினார்கள். நீங்களும் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கைத் தனியாக, அவரையே சொல்லச் சொல்லி, முதல் மூன்று மாதத்துக்குள் எழுதிவிடுங்கள். என்னிடம் இருக்கும் பொதுக் குறிப்பு இவ்வளவுதான்: ஆடி மாதத்திலும் மூன்று வேளை சோறு, இரண்டு வழியில் வருமானம், சொந்த ஆட்டுக் குட்டியிலிருந்து வந்த ஒரு ஆடாவது கொட்டிலில், கையில் ஒரு மாதச் செலவுக்குச் சேமிப்பு, நாள் வட்டிக் கடன் இல்லை, பள்ளி வயதுப் பிள்ளை பள்ளியில். ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறுவடை மாதத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும்.

எல்லாரும் தேற மாட்டார்கள். தனியாக இருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும், படுத்த படுக்கையான மகனைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் தொழில் தேவையில்லை. பென்ஷன், அரிசி, மாத்திரை மூன்றும் தவறாமல் வர வழி செய்யுங்கள். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்திருக்கிறது, பெயர் சேர்த்துவிடுங்கள். அவர்களை 'தோற்றவர்கள்' கணக்கில் எழுதுவதுதான் பெரிய அநியாயம்.

இரண்டு வருடம் முடிந்தபின் ஒரேயடியாக நிறுத்தாமல், மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மூன்றாம் வருடம் ஆடியில் ஒருநாள் சொல்லாமல் போங்கள். எதுவும் கேட்க வேண்டாம். கொட்டிலை எண்ணுங்கள், அடுப்பைத் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கிறதா என்று. முதலில் சொன்ன அந்த அக்காவுக்கு இரண்டாம் முறை வரிசையாகச் செய்தோம், சோறு, கார்டு, கடன், பிறகு ஆடு. மூன்றாம் வருடம் போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். தெக்குத் தெருவில் யாருக்கோ காதுகுத்து, மொய் எழுதப் போயிருக்கிறார் என்றார்கள்.